‘சி’ டிவிஷன் சறுக்கவில்லை, தங்கச்சி

கேள்வி:

வணக்கம் அண்ணா. மலேசியாவில் பெஸ்தாரி ஜெயாவுக்குப் பக்கத்தில் ஒரு செம்பனைத் தோட்டத்தில் ஆபீஸ் கிராணியாக, அதாவது கிளார்க்காக, இருக்கிறேன். எங்களுக்கு மூன்று டிவிஷன். ஐந்து வருடக் குலை நிறுவையை மாதவாரியாக எக்செல்லில் ஏற்றி, டிவிஷனுக்கு ஒரு நிறம் கொடுத்து, ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கிய பரப்பு வரைபடம் போட்டேன். ‘ஏ’ அடியில், ‘பி’ நடுவில், ‘சி’ உச்சியில். மார்ச் மாதக் கூட்டத்தில் அதைத் திரையில் காட்டியதுமே பெரிய துரை (தோட்ட மேனேஜர்), “சி டிவிஷன் இப்படிச் சரிந்து கிடக்கிறதே, மண்டோர் என்ன செய்கிறார்?” என்று கேட்டுவிட்டார். ‘சி’யின் வேலையாட்களைக் கவனிக்கிற அந்த மண்டோர் எனக்கு மாமா முறை. எல்லார் முன்னாலும் கேட்டதால் அவர் வாயே திறக்கவில்லை. ராத்திரி வீட்டில் கணக்கை மறுபடி பார்த்தேன். ‘சி’ குறையவே இல்லை, கொஞ்சம் கூடித்தான் இருக்கிறது. குறைந்தது ‘ஏ’. அங்கே பாதிக்கு மேல் பழைய மரத்தை வெட்டி மறுநடவு. எண்ணெல்லாம் சரியாக இருக்கும்போது படம் எப்படி அண்ணா பொய் சொல்லும்? இனிமேல் பரப்பு வரைபடமே போடக்கூடாதா? (எங்கள் எண்களை வெளியே போட வேண்டாம்.)

பதில்:

அன்புத் தங்கைக்கு,

உங்கள் எக்செல் தாளைப் பார்த்தேன். கணக்கில் ஒரு பிழையும் இல்லை. மாமா மேலும் தப்பில்லை. துரையையும் நான் முழுதாகக் குறை சொல்ல மாட்டேன். அந்தப் படத்தை முதன்முதலாகப் பார்க்கிற யாருக்கும் கண்ணில் படுவது அதுதான். உச்சியில் இருக்கிற பச்சை நிறம் மலைச்சரிவு போல இறங்குகிறது. பச்சை என்றால் ‘சி’. ஆகவே ‘சி’ இறங்கிவிட்டது. கண் இப்படித்தான் கணக்குப் போடும்.

தைப்பூசத்துக்குப் பத்துமலைக்குப் போயிருப்பீர்கள். 272 படியும் ஏறிக் கும்பிட்டுவிட்டு, பிள்ளையைத் தோளில் வைத்துக்கொண்டு அப்பாக்கள் இறங்குவார்கள். கீழே நின்று பார்க்கிறவருக்குப் பிள்ளையின் தலை படிப்படியாகத் தாழ்ந்துகொண்டே வரும். அதைப் பார்த்து “பிள்ளை குள்ளமாகிக்கொண்டே வருகிறானே” என்று யாராவது சொல்வார்களா? உங்கள் படத்தில் ‘சி’ அந்தப் பிள்ளை. படி இறங்கினது ‘ஏ’.

எண்ணிலும் பார்த்துவிடுவோம். உங்கள் எண்களைத் தொடாமல் நானாகச் சில எளிய எண்களை வைத்துக்கொள்கிறேன். மறுநடவுக்கு முன்னால் ஒரு மாதம்: ‘ஏ’ 500 டன், ‘பி’ 400, ‘சி’ 300. அடுக்கினால் ‘சி’யின் பட்டை 900-இல் தொடங்கி 1,200-இல் முடியும். மறுநடவுக்குப் பிறகு ஒரு மாதம்: ‘ஏ’ 200-க்கு இறங்கிவிட்டது, ‘பி’ அதே 400, ‘சி’ 330. இப்போது ‘சி’யின் பட்டை 600-இல் தொடங்கி 930-இல் முடிகிறது. மேல் விளிம்பு 1,200-இலிருந்து 930-க்கு விழுந்துவிட்டது. ‘சி’ 30 டன் கூடுதலாக வெட்டியிருக்கிறது, படத்தில் 270 டன் சறுக்கியதாகத் தெரிகிறது.

அடுக்குப் பரப்பு வரைபடத்தில் நேரடியாக நம்பிப் படிக்கக்கூடியவை இரண்டுதான். ஒன்று, உச்சி விளிம்பு. அது மொத்தத் தோட்டத்தின் நிறுவை. இன்னொன்று, அடி அடுக்கு. அதற்கு மட்டும்தான் கீழே சமதரை இருக்கிறது. நடுவில் உள்ளதற்கும் மேலே உள்ளதற்கும் தரையே ஆடிக்கொண்டிருக்கும். அவற்றின் மேடுபள்ளம் அவற்றுடையதா, கீழே உள்ளதிடமிருந்து வந்ததா என்று கண்ணால் பிரித்துச் சொல்ல முடியாது. பட்டையின் தடிமனைத்தான் பார்க்க வேண்டும் என்று தெரிந்தவர்கள்கூட விளிம்பைத்தான் பார்ப்பார்கள். நானும் அப்படித்தான் பார்க்கிறேன், இத்தனை வருடத் தொழிலுக்குப் பிறகும்.

தடிமனைப் பார்த்தாலும் முழுதாகத் தப்ப முடியாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். இது கொஞ்சம் நுணுக்கமான விஷயம், ஆனால் உங்கள் ‘பி’ டிவிஷனுக்கு நடந்திருப்பது இதுதான். ஒரு பட்டை வெகு சரிவாக ஏறும்போதோ இறங்கும்போதோ நம் கண் அதன் அகலத்தைச் சாய்வுக்குக் குறுக்காக அளக்கும். வரைபடமோ மேலும் கீழுமாக, செங்குத்தாக அளக்கச் சொல்கிறது. அதனால் சரிவில் இருக்கும் பட்டை உள்ளதைவிட ஒல்லியாகத் தெரியும். ‘ஏ’ விழுந்த அந்த நாலைந்து மாதத்தில் உங்கள் ‘பி’ இடுப்பு சிறுத்தது போல இருக்கிறது பாருங்கள், நிறுவையில் அப்படி எதுவும் இல்லை.

இந்தக் கண்மயக்கு புதிதில்லை. வில்லியம் பிளேஃபேர் என்ற ஸ்காட்லாந்துக்காரர், நீராவி இயந்திரத்துக்குப் பேர்போன ஜேம்ஸ் வாட்டிடம் வரைவாளராக இருந்தவர், 1786-இல் இங்கிலாந்தின் வணிகக் கணக்கைக் கோடுகளாக வரைந்து ஒரு நூல் வெளியிட்டார். ஏற்றுமதிக்கு ஒரு கோடு, இறக்குமதிக்கு ஒரு கோடு, இரண்டுக்கும் நடுவில் வண்ணம். டென்மார்க், நார்வேயோடு நடந்த வணிகத்துக்கு அவர் போட்ட படம் இன்றும் பாடமாகக் காட்டப்படுகிறது. 1750-களின் நடுவில் கோடுகள் ஒன்றையொன்று வெட்டி, நஷ்டப் பக்கம் லாபப் பக்கமாக மாறுவது ஒரே பார்வையில் தெரியும். ஆனால் அதே மனிதர் கிழக்கிந்திய வணிகத்துக்குப் போட்ட படத்தில் இரண்டு கோடும் சேர்ந்து செங்குத்தாக ஏறுகிற இடம் ஒன்று இருக்கிறது, 1760-ஐ ஒட்டி. அங்கே இடைவெளி பெரிதாகிறது, கண்ணுக்கோ அது தெரிவதே இல்லை. 1984-இல் வில்லியம் கிளீவ்லண்ட், ராபர்ட் மெக்கில் என்ற இரண்டு ஆய்வாளர்கள் அந்த இடைவெளியை மட்டும் கழித்துத் தனியாக வரைந்து காட்டினார்கள். மேடு அப்போதுதான் எழுந்து நின்றது. பிளேஃபேருக்கே இப்படி என்றால், நீங்கள் இதற்காகத் தூக்கம் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

சரி, இப்போது என்ன செய்வது? பரப்பு வரைபடத்தைத் தூக்கிப்போட வேண்டாம். அது எதற்கு நல்லதோ அதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். “மொத்தத் தோட்டம் எப்படிப் போகிறது, அதில் எது பெரிய பங்கு?” என்று கேட்டால் அதைவிட நல்ல படம் கிடையாது. “எந்த டிவிஷன் ஏறுகிறது, எது இறங்குகிறது?” என்று கேட்டால் அதைவிட மோசமான படமும் கிடையாது. துரை கேட்டது இரண்டாவது கேள்வி. நீங்கள் கொடுத்தது முதல் கேள்விக்கான படம்.

இரண்டாவது கேள்விக்கு மூன்று சின்னப் படங்களை ஒரே தாளில் பக்கத்தில் பக்கத்தில் போடுங்கள், டிவிஷனுக்கு ஒன்று. ஒவ்வொன்றுக்கும் தரை பூஜ்யத்தில் இருக்கட்டும். மூன்றுக்கும் செங்குத்து அளவு ஒன்றாக இருக்க வேண்டும், இது முக்கியம். எக்செல்லை அதன் போக்கில் விட்டால் ஒன்றுக்கு 600 வரை, இன்னொன்றுக்கு 350 வரை என்று தானாகவே வைத்துவிடும். சின்ன டிவிஷனும் பெரிய டிவிஷனும் ஒரே உயரத்தில் நிற்கும். அச்சின் மேல் எல்லையைக் கையால் கொடுங்கள்.

அடுக்கித்தான் ஆக வேண்டும் என்றால் ஆடாத அடுக்கை அடியில் போடுங்கள், ஆடுகிறதை உச்சியில் போடுங்கள். உங்கள் தாளில் ‘பி’, அதற்கு மேல் ‘சி’, உச்சியில் மறுநடவான ‘ஏ’. எக்செல் முதல் பத்தியை அடியில் வைக்கும், அதனால் பத்தியின் வரிசையை மாற்றினால் போதும். அகர வரிசைக்கு இங்கே வேலையில்லை. நீங்கள் பழக்கத்தில் ஏ, பி, சி என்று போட்டதுதான் இத்தனைக்கும் காரணம். வேறு வரிசையில் போட்டிருந்தால் மாமா அன்றைக்கு நிம்மதியாகத் தே தாரே குடித்துவிட்டு வீட்டுக்குப் போயிருப்பார்.

அடுக்காத பரப்பு வரைபடமும் எக்செல்லில் இருக்கிறது, பட்டியலில் அதுதான் முதலில் நிற்கும். தெரியாமல் அதை அழுத்திவிடாதீர்கள். முன்னால் நிற்கிற நிறம் பின்னால் உள்ளதை மறைத்துவிடும். கல்யாண வீட்டுக் குழுப்படத்தில் உயரமானவர்களை முன் வரிசையில் நிறுத்தினது போல.

இன்னொரு தவறும் அந்தக் கூட்டத்தில் நடந்திருக்கிறது, அதை நீங்கள் கவனிக்கவில்லை. கூட்டம் மார்ச்சில். படத்தின் வலது ஓரம் பிப்ரவரியில் முடிகிறது. செம்பனை பொதுவாக ஆகஸ்டிலிருந்து அக்டோபர் வரை கொட்டும், ஜனவரியிலிருந்து மார்ச் வரை அடங்கிப்போகும். இது உங்களைவிட மாமாவுக்கு நன்றாகத் தெரியும், துரைக்கும் தெரியும். ஆனால் திரையில் அக்டோபர் மலையும் பிப்ரவரிப் பள்ளமும் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும்போது தெரிந்ததெல்லாம் மறந்துபோகும். பிப்ரவரிக்கு நாளும் குறைவு. சீனப் புத்தாண்டும் அதில் வந்து விழுந்தால் வேலை நாள் இன்னும் குறையும்.

இதற்குப் பழைய வைத்தியம் ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு மாதத்துக்கும் எதிரே அந்த மாதத்தையும் அதற்கு முந்தின 11 மாதத்தையும் சேர்த்துக் கூட்டிய தொகையைப் போடுங்கள். எந்தப் பன்னிரண்டு மாதத்தை எடுத்தாலும் அதில் ஒரு கொட்டும் காலமும் ஒரு அடங்கும் காலமும் இருக்கும், ஆகவே பருவத்தின் ஆட்டம் போய்விடும். உங்கள் 60 மாதத்தில் 49 புள்ளி கிடைக்கும். அதைப் பரப்பு வரைபடமாகப் போட்டால்தான் தோட்டத்தின் உண்மையான போக்கு தெரியும். மாத நிறுவையைப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு, இந்த பிப்ரவரியைப் போன பிப்ரவரியோடு வைத்துக் காட்டுங்கள்.

உங்கள் தாளில் மூன்று இடம் காலியாக இருந்தது. நிறுவைச் சீட்டு கிடைக்கவில்லை என்று பக்கத்தில் குறித்திருக்கிறீர்கள், அது நல்ல பழக்கம். ஆனால் பரப்பு வரைபடம் காலி இடத்தைப் பூஜ்யமாக எடுத்துக்கொண்டு தரைவரைக்கும் விழும். அந்த மாதம் ஒரு குலைகூட வெட்டவில்லை என்றுதான் அதற்குப் பொருள். வெள்ளம் வந்து உண்மையாகவே வேலை நின்றிருந்தால் பூஜ்யம் சரி. சீட்டு தொலைந்ததற்குப் பூஜ்யம் பொய். மில்லில் அந்த மாதத்து நகல் இருக்கும், கேட்டு வாங்குங்கள். கிடைக்கவே இல்லை என்றால் அந்த டிவிஷனுக்குக் கோட்டு வரைபடம் போட்டு, கோடு அறுந்தே இருக்கட்டும்.

துரை அடுத்த முறை “ஹெக்டருக்கு எத்தனை டன்?” என்று கேட்பார். கேட்க வேண்டிய கேள்வியும் அதுதான், ஏனென்றால் ‘ஏ’யில் காய்க்கிற நிலமே குறைந்துவிட்டது. அந்த எண்ணைத் தயவுசெய்து அடுக்காதீர்கள். டன்னை டன்னோடு கூட்டலாம். ஹெக்டருக்கு இத்தனை, நூற்றுக்கு இத்தனை, டன்னுக்கு இத்தனை ரிங்கிட் என்று வருகிற எதையும் கூட்டினால் அர்த்தம் இல்லை. ஒருமுறை ஒரு நிறுவனத்தில் மூன்று மில்லின் எண்ணெய்ப் பிழிவு விகிதத்தை (குலை எடையில் எண்ணெய் நூற்றுக்கு எத்தனை என்பதை) அடுக்கி வைத்திருந்தார்கள். ஒவ்வொன்றும் 20 விழுக்காடு சுமார், உச்சி 60-ஐத் தொட்டது. அப்படி எண்ணெய் தருகிற செம்பனை இருந்தால் வீட்டுக்குப் பின்னால் வைக்க எனக்கும் ஒரு கன்று வேண்டும் என்று சொல்லிவிட்டு வந்தேன். இந்த மாதிரி எண்ணுக்கு வெறும் கோடு போதும். மூன்று டிவிஷனுக்கு மூன்று கோடு.

செங்குத்து அச்சு பூஜ்யத்தில் தொடங்க வேண்டும் என்று மேலே ஒரு வரியில் சொன்னேன், அதை இன்னும் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். கோட்டு வரைபடத்தில் அச்சை நடுவில் வெட்டினாலும் பெரிய பாவமில்லை, அங்கே சாய்வைத்தான் பார்க்கிறோம். பரப்பில் பூசின வண்ணமே அளவு. மலேசியாவின் கச்சா செம்பனை எண்ணெய் உற்பத்தியை எடுத்துக்கொள்ளுங்கள். 2015-இல் 19.96 மில்லியன் டன். எல் நினோ வறட்சிக்குப் பிறகு 2016-இல் 17.32 மில்லியன். அது 13 விழுக்காட்டுச் சரிவு, சின்ன விஷயமில்லை. இதையே அச்சை 17-இல் தொடங்கிப் பரப்பாகப் போட்டால் 2015-க்கு 2.96 உயரமும் 2016-க்கு 0.32 உயரமும் வரும். நாட்டில் ஒன்பதில் ஒரு பங்குதான் மிச்சம் என்று பார்க்கிறவன் நினைப்பான்.

நூற்றுக்கு நூறாக விரித்துக் காட்டுகிற பரப்பு வரைபடம் ஒன்றும் எக்செல்லில் உண்டு. பங்கு எப்படி மாறியது என்று காட்ட நன்றாக இருக்கும், மொத்தம் என்ன ஆனது என்பதை முழுதாக மறைத்துவிடும். நிறுவை பாதியாகிவிட்டாலும் அந்தப் பெட்டி நிறைந்தேதான் இருக்கும். மாதக் கூட்டத்துக்கு அது வேண்டாம். ஆனால் எனக்கு ஒரு ஆசை இருக்கிறது, முடிந்தால் செய்யுங்கள். 1877-இல் கோலா கங்சாரில் கித்தாக் கன்று, அதாவது ரப்பர் கன்று, வந்து இறங்கியது. உங்கள் ஊருக்குப் பக்கத்தில் தென்னமரம் தோட்டத்தில்தான் 1917-இல் இந்த நாட்டின் முதல் வணிகச் செம்பனை நடப்பட்டது. அதற்குப் பிறகும் பல தோட்டங்கள் பல வருடம் பால் மரத்தோடுதான் இருந்தன. உங்கள் ஆபீஸ் அலமாரியில் பழைய நிலப் பதிவேடு இருந்தால், வருடவாரியாகக் கித்தா எத்தனை ஏக்கர், செம்பனை எத்தனை ஏக்கர் என்று எடுத்து நூற்றுக்கு நூறு படம் போட்டுப் பாருங்கள். இரண்டே நிறம். ரப்பர் பால் சுமக்கக் காண்டா வாளி தூக்கின பாட்டிகள் யாராவது லயத்து வீடுகளில் இருந்தால் அவர்களுக்குக் காட்டுங்கள். ஒரு வார்த்தை விளக்கம் சொல்லாமலே புரிந்துகொள்வார்கள். என் அம்மா புரிந்துகொண்டார்.

நிறத்தைப் பற்றி ஒன்றே ஒன்று. குலையின் சிவப்பு, ஓலையின் பச்சை என்று டிவிஷன்களுக்கு ஆசையாகப் போட்டிருக்கிறீர்கள். ஆபீஸ் பிரிண்டரில் கறுப்பு வெள்ளையில் எடுத்தால் இரண்டும் ஒரே சாம்பல். சிவப்பும் பச்சையும் பிரித்தறிய முடியாத ஆண்கள் எந்தக் கூட்டத்திலும் ஒருவராவது இருக்கக்கூடும். ஒரே நிறத்தில் அடர்த்தி, நடுத்தரம், வெளிர் என்று மூன்று போடுங்கள், டிவிஷன் பெயரைப் பட்டைக்குள்ளேயே எழுதிவிடுங்கள்.

இனி மாமா விஷயம். இதைத்தான் நீங்கள் உண்மையில் கேட்க வந்தீர்கள் என்று நினைக்கிறேன். அடுத்த மாதக் கூட்டம்வரை காத்திருக்க வேண்டாம். புதுப் படத்தையும் எண்ணையும் ஒரே தாளில் எடுத்துக்கொண்டு சின்ன துரையிடம் (உதவி மேனேஜரிடம்) முதலில் போங்கள். அவரையும் கூட்டிக்கொண்டு பெரிய துரையிடம் போங்கள். “நீங்கள் தவறாகப் படித்துவிட்டீர்கள்” என்று தொடங்காதீர்கள். “நான் அடுக்கின வரிசை சரியில்லை சார், ‘ஏ’யின் மறுநடவு ‘சி’ மேல் விழுந்து தெரிகிறது, திருத்திக் கொண்டுவந்திருக்கிறேன்” என்று சொல்லுங்கள். அதுதான் உண்மையும்கூட. கேட்டது எல்லார் முன்னாலும் என்பதால், அடுத்த கூட்டத்தில் திருத்திய படத்தை எல்லார் முன்னாலும் காட்ட அனுமதி கேளுங்கள். எந்த துரையும் அதற்கு முடியாது என்று சொல்லமாட்டார்.

மாமாவிடம் படத்தைப் பற்றிப் பேசாதீர்கள். காலையில் ஆள் கணக்கெடுக்கிற பெரட்டு முடிந்ததும் ‘சி’ டிவிஷனின் பன்னிரண்டு மாத நிறுவையை ஒரு துண்டுத் தாளில் எழுதிக் கையில் கொடுங்கள். போன வருடத்து எண் ஒரு வரி, இந்த வருடத்து எண் ஒரு வரி. முப்பது வருடம் குலை எண்ணின மனிதருக்கு அதைப் படிக்க வண்ணம் தேவையில்லை.

‘ஏ’யில் வைத்த கன்று காய்ப்புக்கு வர இரண்டரை, மூன்று வருடம் ஆகும். அதை உச்சி அடுக்கில் வைத்திருந்தால் முதல் குலை நிறுவைக்கு வருகிற மாதம் படத்தின் மேல் விளிம்பில் மெல்லியதாக ஒரு ஏற்றம் தெரியும். அந்த மாதத்துத் தாளை எனக்கும் அனுப்பி வையுங்கள்.